யாரையும் கூப்பிடாமல் நிரப்பக்கூடிய படிவம்: இணையத்தளம் செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் இருந்து இணையத்தளங்கள் செய்து கொடுக்கிறேன். பார்வையில்லாதவர், வயதானவர், பழைய போன் வைத்திருப்பவர் என்று எல்லோரும் பாவிக்கிற மாதிரி தளம் செய்வதைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பண்டாரவளை): அண்ணே, இதற்கென்று விதி ஏதும் இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இருக்கிறது தம்பி. இணையத்துக்குப் பொதுத் தரங்கள் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தளங்களை எல்லோரும் பாவிக்கிற மாதிரி செய்வதற்கென்று வெளியிடும் டபிள்யூசிஏஜி என்ற வழிகாட்டி. முதலாவது 1999இல் வந்தது, இப்போது பாவனையில் உள்ள 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. ஆனால் முதல் நாளே அதை முழுக்கப் படிக்க உட்காராதீர்கள், அலுத்துப் போய்விடும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர் விசைகளை மட்டும் வைத்து உங்கள் தளத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று காட்டுகிற கோட்டை அழகு கெடுகிறது என்று நிறையப் பேர் நீக்கிவிடுகிறார்கள், அது போனால் விசைப்பலகையை மட்டும் நம்பி இருப்பவர் இருட்டில் நடக்கிற மாதிரிதான். அப்புறம் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், இறக்கிப் போட்டு, திரையை அணைத்துவிட்டு அதே படிவத்தை நிரப்புங்கள்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒருவர் யாரையும் கூப்பிடாமல் வந்த வேலையைத் தானே முடிக்கிறாரா? நம் பக்கத்தில் எத்தனை பேர் கம்யூனிகேஷன் கடையில் நின்று அடையாள அட்டை இலக்கம், பாஸ்வேர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி வேறொருவரைக் கொண்டு நிரப்புகிறார்கள்! படிக்கத் தெரியாததால் மட்டும் அப்படி நடக்கவில்லை, தளம் அவர்களை உள்ளே விடாததாலும்தான்.

கேள்வி (தலவாக்கலை): எங்கள் சங்கத்தின் பழைய அறிவித்தல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தவை. படமாக்கித் தளத்தில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பாமினியில் நாம் பார்ப்பது தமிழ் எழுத்தின் உருவத்தை மட்டுமே, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று நீங்கள் அடித்ததைத் திரைவாசிப்பான் 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்றுதான் பார்க்கும். தேடினாலும் கிடைக்காது. படமாக்கினால் இன்னும் மோசம், அதில் எழுத்தே கிடையாது. பெரிதாக்கினால் மங்கும், ஒரு பந்தி அறிவித்தலுக்கு டேட்டாவும் அநியாயமாகப் போகும். பாமினியை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிகிற யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிவிட்டு ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் திருத்த வேண்டும், அந்த வேலையை மட்டும் தவிர்க்க முடியாது.

இன்னொன்று, பக்கத்தின் மொழி தமிழ் என்று, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். வாங்கிய டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று இருப்பதை அப்படியே விட்டுவிட்டால், உங்கள் தமிழை ஆங்கிலக் குரல் வாசிக்கப் பார்க்கும், அல்லது வாசிக்காமலே தாண்டிவிடும். மும்மொழித் தளமென்றால் மாறுகிற ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மொழியைச் சொல்ல வேண்டும்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணா, விண்ணப்பப் படிவத்தில் எதைக் கட்டாயமாக்கலாம்?

பதில்: இதில்தான் தங்கச்சி நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். என் அம்மாவிடம் இருப்பது பழைய அடையாள அட்டை, ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு வி எழுத்தும். 2016இலிருந்துதான் பன்னிரண்டு இலக்க அட்டை வந்தது. அவர் நிரப்பிய ஒரு படிவம் பன்னிரண்டு இலக்கத்தை மட்டும்தான் ஏற்றது, பிழை என்று சிவப்பில் ஒரு கோடு, என்ன பிழை என்று ஒரு சொல் இல்லை. தன்னுடைய அட்டைதான் செல்லாது என்று அம்மா நினைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இரண்டு வடிவத்தையும் ஏற்கிற மாதிரி எழுத எவ்வளவு நேரம் ஆகும், பத்து நிமிடம்!

முகவரியும் அப்படித்தான். வீட்டு இலக்கம், வீதிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்றால், தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் லயன் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் அறை இலக்கமும்தான் முகவரி என்று இருப்பவர் எதை எழுதுவார்? ஒரே பெரிய பெட்டியாகக் கொடுங்கள். பெயருக்கும் ஒரே பெட்டி போதும், அப்பாவின் பெயரை முன்னால் வைக்கிற நமக்கு குடும்பப்பெயர் என்ற கேள்வியே குழப்பம். பெட்டிக்குள் மங்கலாக எழுதி, தட்டத் தொடங்கியதும் மறைந்துபோகிற குறிப்பை நம்பாதீர்கள், பெட்டிக்கு மேலே நிலையான தலைப்பு வேண்டும். பிழையை நிறத்தால் மட்டும் காட்டாமல், 'கடைசியில் வி எழுத்து விடுபட்டிருக்கிறது' என்று சொல்லால் சொல்லுங்கள்.

கேள்வி (நுவரெலியா): வெள்ளைப் பின்னணியில் இளம் சாம்பல் எழுத்து. வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறது. சரியா?

பதில்: சரியில்லை. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற அளவிலாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு வேண்டும். வெள்ளையில், சாதாரண எழுத்துக்கு #767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல்தான் ஏறக்குறைய எல்லை, அதைவிட வெளிறினால் அந்த அளவுக்குக் கீழே விழுந்துவிடும். கொழுந்து மலையில் வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கு அதுவும் போதாது, கறுப்பே நல்லது.

கேள்வி (பதுளை): ஒரு வரி கோட் சேர்த்தால் தளம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று விற்கிறார்களே?

பதில்: காசை வீணாக்காதீர்கள். பிழையான படிவத்தை அது திருத்தாது, சிலவேளை திரைவாசிப்பானோடு மோதவும் செய்யும்.

கேள்வி (கொட்டகலை): பார்வையில்லாதவர் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்ல?

பதில்: முதலில் உரிமை என்று சொல்லுங்கள். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநா உடன்படிக்கையையும் நாடு 2016இல் ஏற்றது, அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. பிறகு அவருடைய தளத்தின் முகப்பில் இருக்கிற நான்கு எம்பி தேயிலை மலைப் படத்தை, சிக்னல் ஒரு கோடு மட்டும் வருகிற லயத்தில் நின்று அவரையே திறக்கச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டுக்கு ஒரு நிமிடம்தான் கொடுத்திருந்தால், சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறி இறங்குவதற்குள் அது காலாவதியாகிவிடும். நேரத்தை நீட்டக் கேட்க ஒரு பட்டன் வையுங்கள். பட்டனும் சின்னதாக இருக்கக்கூடாது, டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பு குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது, பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு நான் 44 வைப்பேன்.

கேள்வி (ஹப்புத்தளை): ஆங்கிலத்தில் அழகாக இருந்த பட்டனில் தமிழ் பாதி வெட்டுப்படுகிறது.

பதில்: உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் பூட்டியிருப்பீர்கள், திறந்துவிடுங்கள். தமிழ்ச் சொல் நீளும், இரண்டாம் வரிக்குப் போகும், போகட்டும். வரி உயரத்தை 1.6 ஆக்கி, எழுத்தை 200 வீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் வெட்டுப்பட்டால் அந்தப் பகுதியின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை அனுப்புங்கள், ஞாயிறு உட்கார்ந்து பார்க்கிறேன்.