காம்பாக்ட் எஸ்.யு.வி.க்கு இன்சூரன்ஸ்: ஷோரூம் சொல்லும் தொகையை அப்படியே கட்ட வேண்டுமா?

கேள்வி: பத்து லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள, 1197 சிசி பெட்ரோல் காம்பாக்ட் எஸ்.யு.வி. ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். ஷோரூமில் இன்சூரன்ஸுக்கு மட்டும் 53,029 ரூபாய் கேட்கிறார்கள். இணையத்தில் வேறொரு நிறுவனத்தில் பார்த்தபோது அதே வண்டிக்கு 29,819 ரூபாய்தான் காட்டியது. வெளியில் எடுத்தால், பழுதுச் செலவை நிறுவனமே பட்டறைக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி கிடைக்காது என்று விற்பனையாளர் சொல்கிறார். இரண்டு மதிப்பீடுகளையும் இணைத்திருக்கிறேன். வண்டியை என் பெயரில் பதிவு செய்ய நினைக்கிறோம். எனக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. கணவர் பெயரில் உள்ள பழைய காரை அதே ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கிறோம். அந்தக் காருக்கு ஐந்து ஆண்டுகளாக க்ளெய்ம் எதுவும் வாங்கியதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களிலும் ஒரு ரூபாய்கூட மாறாத கட்டணம் ஒன்று இருக்கிறது: மூன்றாம் நபர் காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது), 10,640 ரூபாய். இதை அரசே நிர்ணயிக்கிறது. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டிய தொகை இது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம். புதிய கார் வாங்கும்போது மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுக்க வேண்டும் என்பது, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் இருந்துவரும் விதி. இந்தத் தொகையில் எந்த நிறுவனமும் தள்ளுபடி தர முடியாது. வேறுபாடு முழுவதும் மற்ற கட்டணங்களில்தான் இருக்கிறது.

அடுத்து, உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு, அதாவது சொந்த சேதக் காப்பீடு. இதற்கான கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்கின்றன. ஷோரூம் தாளில் இது 24,950 ரூபாய். இணைய மதிப்பீட்டில் 11,230 ரூபாய். ஆனால் இரண்டும் ஒரே மதிப்புள்ள வண்டிக்கான தொகைகள் அல்ல. ஷோரூம் தாளில் ஐ.டி.வி., அதாவது வண்டி திருடுபோனாலோ முழுவதும் சிதைந்தாலோ உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை, 9,50,000 ரூபாய். புதிய வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து ஐ.டி.வி. கணக்கிடுவது வழக்கம் என்பதால் இது முறையான தொகையே. இணைய மதிப்பீட்டில் அது 8,55,000 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்கு இதுவே சுலபமான வழி. நாளை வண்டி காணாமல் போனால் 95,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கும். வாகனக் கடன் இருந்தால் கிடைக்கும் தொகையும் முதலில் வங்கிக்கே போகும், மிச்சத் தவணைக்கு நீங்கள் கையிலிருந்து கட்ட நேரலாம். ஐ.டி.வி.யைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கூடுதல் பாதுகாப்புகளிலும் இதே கதைதான். ஷோரூம் தாளில் 8,600 ரூபாய்க்கு ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது), எஞ்சின் பாதுகாப்பு, முழு விலைப்பட்டியல் தொகை திரும்பக் கிடைக்கும் திட்டம், சாவி தொலைதல், உடைமை இழப்பு என்று ஐந்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இணைய மதிப்பீட்டில் 3,400 ரூபாய்க்கு ஜீரோ டெப்ரிசியேஷன் மட்டுமே உண்டு. இந்த ஐந்தில் ஜீரோ டெப்ரிசியேஷனை அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாற்றும்போது அவற்றின் விலையில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், காம்பாக்ட் எஸ்.யு.வி.களிலோ பம்பர் தொடங்கிச் சக்கர வளைவுகளைச் சுற்றியுள்ள பட்டைகள் வரை, முதலில் உரசலுக்கு ஆளாகும் பாகங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். எஞ்சின் பாதுகாப்பும் மடிப்பாக்கத்தில் வசிப்பவருக்கு வேண்டும் (அடுத்த கேள்வியில் விளக்கியிருக்கிறேன்). விலைப்பட்டியல் திட்டத்தை முதல் மூன்று ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சாவியும் உடைமையும் தேவையில்லை, நீக்கச் சொல்லுங்கள்.

ஷோரூம் தாளில் இருக்கும் மற்றொரு கட்டணமும் நீக்கப்பட வேண்டியது: உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, 750 ரூபாய். இது உரிமையாளரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டுமே பொருந்தும். உங்களுக்கு உரிமம் இல்லாததால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு எந்த நாளும் கைகொடுக்காது. உரிமம் உள்ளவர்களும்கூட, ஏற்கெனவே 15 லட்ச ரூபாய்க்கு இந்தக் காப்பீட்டைத் தனியாக எடுத்திருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம். இணைய நிறுவனத்திடமே 9,50,000 ரூபாய் ஐ.டி.வி.க்கு, எஞ்சின் பாதுகாப்பையும் விலைப்பட்டியல் திட்டத்தையும் சேர்த்துக் கேட்டால், அவற்றுக்கு ஒரு 4,000 ரூபாய் வைத்துக்கொண்டாலும், 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட சுமார் 36,500 ரூபாய் வரும். விபத்துக் காப்பீட்டை நீக்கிய ஷோரூம் தொகை சுமார் 52,100 ரூபாய். ஆக, உங்களுக்கு 23,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசத்தின் உண்மை அளவு 15,600 ரூபாய்தான். அதுவும் சிறிய தொகை அல்ல. இந்தக் கணக்கை ஷோரூம் மேலாளரிடம் எழுத்தில் காட்டி, இதே அளவுக்கு வர முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். குறைக்காவிட்டால் வெளியில் எடுங்கள். டீலர் வழியாகத்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த எந்த விதியும் இடம் தருவதில்லை. கேஷ்லெஸ் வசதி என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கும் பழுதுபார்க்கும் பட்டறைக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பாலிசியை எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. நீங்கள் சர்வீஸ் விடப்போகும் பட்டறையின் பெயர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

இவை தவிர, இன்னொரு பெரிய தொகையையும் நீங்கள் இழக்கவிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை மிகவும் உறுத்தியதும் அதுதான். ஐந்து ஆண்டுகள் க்ளெய்ம் வாங்காத உங்கள் கணவருக்கு 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கிறது. அந்தச் சலுகை காருக்கு உரியதல்ல. காப்பீடு எடுத்தவருக்கு உரியது. பழைய காரை விற்றாலும் அவர் பெயரில் வாங்கும் புதிய காருக்கு அதைக் கொண்டுவரலாம். புதிய வண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்தால் கணவரின் போனஸ் அதற்கு வராது. சொந்த சேதக் கட்டணத்தில் பாதி குறையும் என்பதால், இணைய நிறுவனத்தில் வரியுடன் சுமார் 7,300 ரூபாயும், ஷோரூம் தொகையில் சுமார் 14,700 ரூபாயும் முதல் ஆண்டிலேயே மிச்சமாகும். வண்டி உங்கள் பெயரில் இருக்க வேறு காரணம் இல்லையென்றால், கணவர் பெயரில் பதிவு செய்வதே நல்லது. அப்போது அவருக்கு விபத்துக் காப்பீடு தேவைப்படும், அவ்வளவுதான். பழைய கார் கைமாறியதற்கான ஆவணத்தை எக்ஸ்சேஞ்ச் நாளன்றே வாங்கி, பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, போனஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் மூன்று ஆண்டுகள் செல்லும். எக்ஸ்சேஞ்சில் கார் கொடுக்கும் எத்தனையோ பேர் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில்தான் கார் நிறுத்த இடம். எல்லாச் சேதத்துக்கும் பொருந்தும் முழுக் காப்பீடு எடுத்திருக்கிறேன். அதற்கு மேல் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: கட்ட வேண்டும். வெள்ளமும் புயலும் முழுக் காப்பீட்டில் அடங்கும் என்பது உண்மையே. தண்ணீர் புகுந்து இருக்கை, தரைவிரிப்பு, மின்கம்பிகள் கெட்டால் சாதாரண பாலிசியிலேயே கேட்கலாம். சிக்கல் எஞ்சினில்தான் வருகிறது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்தால், காற்றைப்போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மீது மோதி, இணைக்கும் தண்டு வளைந்துவிடும். இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, வண்டியை இயக்கியதால் பின்னர் விளைந்த சேதம் என்று சொல்லி, சாதாரண பாலிசியில் இந்தச் செலவை மறுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் எஞ்சின் பாதுகாப்பு.

2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் பார்த்த வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை எச்சரிக்கை வந்தவுடன் மேம்பாலத்தின் மீது கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் உங்கள் பகுதியில் உண்டு. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தண்ணீர் ஏறாத இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதைவிட நல்ல காப்பீடு இல்லை. ஆனால் நீங்கள் வெளியூரில் இருக்கும் இரவில் மழை வரலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. இத்தகைய கூடுதல் பாதுகாப்பைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். அக்டோபரில் மேகம் திரண்ட பிறகு கேட்டால் கிடைக்காது. உங்கள் புதுப்பிப்பு மாதம் எது என்று இன்றே பாருங்கள். எஞ்சின் பாதுகாப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி, வண்டி எண்ணோடு படம் எடுங்கள். முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியிலேயே பட்டறைக்கு அனுப்புங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், எஞ்சின் பாதுகாப்பு என்ற பெயரைப் பார்த்தவுடன் திருப்தியடையாமல், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தண்ணீரால் வரும் சேதம் அதில் அடங்குமா என்பதை பாலிசி வாசகத்தில் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ஒரே மாடலில் 998 சிசி டர்போ எஞ்சினும் 1197 சிசி சாதாரண எஞ்சினும் இருக்கின்றன. எதற்கு இன்சூரன்ஸ் குறைவு? சென்னையில் பதிவு செய்யாமல் சொந்த ஊரான திண்டிவனத்தில் பதிவு செய்தால் குறையுமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: ஹூண்டாய் வென்யூ, மாருதி ஃபிராங்க்ஸ் போன்றவற்றில் இந்த இரு எஞ்சின்களும் வந்திருக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எஞ்சின் கொள்ளளவு மட்டுமே கணக்கு. 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். 1500 சிசியைத் தாண்டினால் 7,897 ரூபாய். ஆகவே விசை அதிகமுள்ள டர்போவுக்கு மூன்றாம் நபர் கட்டணம் குறைவு. ஆனால் டர்போ மாடலின் விலை அதிகம் என்பதால் ஐ.டி.வி.யும் சொந்த சேதக் கட்டணமும் உயர்ந்து, அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். இதைக் காரணமாக வைத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலமாகவும் மற்ற ஊர்கள் வேறு மண்டலமாகவும் கணக்கிடப்படுவது உண்மைதான். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த வித்தியாசம் தள்ளுபடிகளுக்கு முன்பே ஆயிரம் ரூபாயைத் தொடாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக க்ளெய்ம் வாங்காத என் எஸ்.யு.வி.யின் பின் பம்பரை ஒரு ஆட்டோ இடித்துவிட்டது. சரிசெய்ய 7,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஜீரோ டெப்ரிசியேஷன் இருக்கிறது. க்ளெய்ம் செய்யலாமா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய் போக உங்களுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். இந்த ஆண்டும் க்ளெய்ம் இல்லாமல் முடித்தால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் போனஸ் 45 சதவீதத்திலிருந்து 50 ஆகும். க்ளெய்ம் செய்தால் பூஜ்யமாகிவிடும். போனஸுக்கு முன் உங்கள் சொந்த சேதக் கட்டணம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு மட்டும் 7,000 ரூபாய் அதிகம் கட்டுவீர்கள். அதற்கடுத்த ஆண்டு க்ளெய்ம் இல்லாவிட்டாலும் 20 சதவீதத்திலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும். அங்கே இன்னும் 4,000 ரூபாய் அளவுக்குப் போகும். பிறகு 25, 35, 45 என்று ஏறி, 50ஐத் தொட ஐந்து ஆண்டுகள் வேண்டும். ஒரு முறை க்ளெய்ம் செய்தாலும் போனஸ் குறையாமல் காக்கும் கூடுதல் பாதுகாப்பை நீங்கள் எடுத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். பாலிசித் தாளில் அது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

புதுப்பிக்கும் தேதியையும் தவறவிடாதீர்கள். காலாவதியாகி 90 நாட்களுக்கு மேல் போனால், க்ளெய்ம் எதுவும் செய்யாமலே சேர்ந்த போனஸ் முழுவதும் போய்விடும்.