அயனோமைசின் மட்டும் போதாது

ஜுர்காட் செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி செல்கள்) அயனோமைசின் போட்டதும், மரபணுக்களை இயக்கும் என்எஃப்ஏடி என்ற புரதம் நியூக்ளியஸுக்குள் போய்விட்டது, ஆனால் ஐஎல்-2 (டி செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) ஏறவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். அது எதிர்பார்க்க வேண்டியதுதான், கவலை வேண்டாம். அயனோமைசின் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி, கால்சினியூரின் என்ற நொதி வழியாக என்எஃப்ஏடியை உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். ஐஎல்-2 மரபணுவைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ பகுதியான புரமோட்டரில் என்எஃப்ஏடி தனியாக உட்கார்ந்தால் பிடி தளர்வாக இருக்கும். பக்கத்திலேயே ஏபி-1, அதாவது ஃபாஸ், ஜூன் என்ற இரு புரதங்களின் இணை, வந்து ஒட்டினால்தான் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி டிஎன்ஏவில் நிற்கும். இந்தக் கூட்டு டிஎன்ஏவில் நிற்பதைக் காட்டும், 1998இல் வெளியான படிக அமைப்பை அவசியம் பாருங்கள்: ஃபாஸ்-ஜூன் என்எஃப்ஏடி பக்கம் சாய்ந்திருக்கும், டிஎன்ஏவும் வளைந்திருக்கும். அத்தனை அழகு!

ஏபி-1 வர, புரத கைனேஸ் சி நொதியைத் தூண்டும் பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் வேண்டும். மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் பிஎம்ஏவும் 1 மைக்ரோமோலார் அயனோமைசினும் சேர்த்து, 6 மணி நேரம் கழித்து ஆர்என்ஏ எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பிஎம்ஏ மட்டும் போட்ட வெல் (தட்டின் குழி) ஒன்று, இரண்டோடும் கால்சினியூரினைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் சேர்த்த வெல் ஒன்று கட்டாயம் வையுங்கள்.