சிகிச்சை பலிக்குமா என்பதை ஸ்கேனைப் பார்த்தே ஏஐ சொல்லிவிடுமா?

புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பிக்கும் முன்பே அது கேட்குமா கேட்காதா என்று ஏஐயால் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சியில் ஓரளவு முடிகிறது. ஆனால் அதை மட்டும் நம்பி ஒருவருக்கு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. ஸ்கேன் படங்களை ஆராயும் வேலையில் இருப்பவன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

மருந்து கேட்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க இப்போதுள்ள வழக்கம் ரெசிஸ்ட் என்ற அளவுகோல். கட்டிகளின் நீள அளவுகளைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகை 30% குறைந்தால் பலன் இருக்கிறது என்று கணக்கு. இது தெரிவதற்குள் நோயாளி பல வாரம் மருந்தின் பக்க விளைவுகளைத் தாங்கியிருப்பார். முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு வேதனை மிச்சம்! அதற்காகத்தான் கட்டியின் வடிவம், படத்தில் அதன் உள்ளே வெளுப்பும் கறுப்பும் பரவியிருக்கும் விதம் என நூற்றுக்கணக்கான எண்களை எடுத்துக் கணினிக்குப் பழக்குகிறார்கள். ரேடியோமிக்ஸ் என்பது இதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட எண்களை வைத்து நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கணித்தது. பெரிதாகப் பேசப்பட்டது. 2019-இல் வேறொரு குழு, ஸ்கேன் படத்தில் கட்டிக்குள் இருக்கும் புள்ளிகளின் வெளிச்ச மதிப்புகளைத் தாறுமாறாகக் கலைத்துப்போட்டுப் பார்த்தது. கணிப்பு கிட்டத்தட்ட அப்படியே நின்றது! அந்த எண்கள் பெரும்பாலும் கட்டியின் கன அளவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அதனால் எந்தக் கணிப்பு மாடலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, வெறும் கன அளவை விட இது எவ்வளவு மேல் என்பதைத்தான்.

அப்புறம், ஸ்கேனர் மாறினாலோ படத் துண்டின் தடிமன் மாறினாலோ இந்த எண்களும் மாறிவிடும். உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி சிகிச்சையில் இன்னொரு குழப்பம்: நோயெதிர்ப்பு அணுக்கள் உள்ளே குவிவதால், மருந்து வேலை செய்யும்போதே கட்டி பெரிதாகத் தெரியலாம். இதனால்தான் இம்யூனோதெரபிக்காக ரெசிஸ்டை மாற்றி 2017-இல் வந்த ஐரெசிஸ்ட் விதி, கட்டி உண்மையிலேயே வளர்ந்ததா என்பதை 4 முதல் 8 வாரம் கழித்து இன்னொரு ஸ்கேனில் உறுதிசெய்யச் சொல்கிறது.

எனக்கு நம்பிக்கை தருவது மார்பகப் புற்றுநோய் எம்ஆர்ஐ. அறுவைக்கு முன் தரும் கீமோவில், முதல் படத்துக்கும் சில வாரம் கழித்து எடுக்கும் படத்துக்கும் இடையில் கட்டியின் கன அளவு எவ்வளவு மாறியது என்பது நல்ல தடயம். ஒற்றைப் படத்தைவிட இந்த மாற்றம் அதிகம் பேசுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், ஏஐ கணிப்புக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் அப்படி ஒரு கருவியைக் காட்டினால், இதே புற்றுநோய்க்கு, இதே மருந்துக்கு, வேறு மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.