பருப்பு வேகாத ஊரில் தண்ணீர்

உதகையில் முப்பது ஆண்டுகள் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால், தண்ணீர் பற்றிய கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (உதகை): கோவையிலிருந்து மாற்றலாகி வந்தோம். சட்டியில் துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. பருப்பு பழசா, ஐயா?

பதில்: பருப்பின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் அடுப்பைக் கூட்டினால் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். குக்கரில் வையுங்கள், உள்ளே 115 டிகிரியை ஒட்டி வரும். கோவையில் விட்டதைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி (கேத்தி): ஜனவரியில் ஒரு விடியற்காலை வீட்டுச் சுவரில் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டியது. ஆனாலும் பள்ளத்துத் தோட்டத்தில் உருளைச் செடி பனியில் கருகிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் ஸ்பிரிங்ளர் போட்டுத் தப்பித்தார். பனிக்குத் தண்ணீரா மருந்து?

பதில்: தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை, அது தொங்கிய இடம் வேறு, செடி நின்ற இடம் வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்று கனம். சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். இலைக்குள் நீர் உறைந்து, திசு சிதைந்து, வெயில் பட்டதும் கறுத்துவிடும்.

தண்ணீர் மருந்துதான், பாதியில் விட்டால் விஷம். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. தெளித்துக்கொண்டே இருந்தால் இலைமேல் பனிக்கட்டி படியும், ஆனால் இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கண்ணாடிக்குள் வைத்த செடி போலத் தெரியும், பயப்படாதீர்கள். மோட்டாரை நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து: ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 600 கலோரி வேண்டும், அதை இலையிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். நனைக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய செடியும் போய்விடும். வெயில் ஏறிக் கட்டி உருகி உதிரும் வரை ஓட்டுங்கள். கரண்டை நம்ப முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம். முந்தின நாளே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டைத் தேக்கி இரவில் விடும்.

கேள்வி (கோத்தகிரி): ராமநாதபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எத்தனை சொம்பு ஊற்றினாலும் சோப்பு வழவழப்பு போகவில்லையே?

பதில்: இது மென்னீர். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் குறைவு. உப்புத் தண்ணீரில் அவை சோப்போடு சேர்ந்து திப்பியாகித் தோலில் ஒட்டும். அந்தச் சொரசொரப்பையே சுத்தம் என்று பழகிவிட்டோம். சோப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி (குன்னூர், மாணவன்): புல்லெல்லாம் உறைபனி, ஊட்டி ஏரி மட்டும் ஏன் உறைவதில்லை, சார்?

பதில்: தம்பி, தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். மேலே குளிர்ந்த நீர் இறங்க, அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் ஏறும். ஏரி முழுதும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு உறையத் தொடங்கும், அதற்குள் விடிந்துவிடும். வாசலில் வைத்த வாளி சின்னது, சீக்கிரம் குளிர்ந்து ஏடு கட்டிவிடும். விரலால் தட்டினால் அப்பளம் போல நொறுங்கும். தேர்வில் கேட்டால் அப்பளத்தை எழுதாதே, 4 டிகிரியை எழுது.