சின்னக் கடலோர ஊரில் மூன்று நாள்: பையனும் அம்மாவும்

எட்டு வயதுப் பையன், மூட்டுவலி உள்ள அம்மா, கடற்கரையை விட்டால் வேறொன்றும் இல்லாத ஊரில் மூன்று நாள் என்று எழுதியிருந்தீர்கள். கடற்கரையே போதும், போகிற நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

போனதும் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, பாருங்கள். கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். பையனை அதன் ஓரமாக அசையாமல் குந்தச் சொல்லுங்கள். காலிச் சங்கு என்று நினைத்தது இரண்டு நிமிடத்தில் கால் முளைத்து நகரும். உள்ளே நண்டு குடியிருக்கும். என் மகள் அதைப் பார்த்த பிறகு ஊருக்குக் கிளம்ப மறுத்துவிட்டாள்! கடல் உள்வாங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் கடல் இன்னும் அதிகம் வற்றும். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள்.

கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் ஈர மணலும் கெட்டியாக இருக்கும், அம்மாவுக்கு நடக்க அதுதான் வசதி. மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம் இருந்தாலும் அம்மாவுக்கு வேண்டாம், படிகள் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

அப்புறம், குளிக்கும்போது அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடைவெளியில் இறங்காதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இருக்கும்.