ஓட்டோ கியர் ஜீப்புக்கு வீட்டிலேயே கியர் ஒயில் மாற்றலாமா?

மாற்றலாம். என் வண்டிக்கு நான்தான் மாற்றுகிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: கொழும்பில் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப், ஓட்டோ கியர், கராஜில் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை, வீட்டில் செய்தால் கியர் பொக்ஸ் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். எந்த மொடல் என்று எழுதவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்ப விட்டார்களே, அந்த வருடங்களில் மாற்று வண்டி வாங்க வழியில்லாமல் இருந்ததைக் கட்டிக் காப்பாற்றிய ஆட்களில் நீங்களும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் அதே நிலைதான் இருந்தது.

என்னுடையது மிட்சுபிஷி பஜேரோ, 3.2 டீசல். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்ததை அப்பா வாங்கினார். அப்பா போன பிறகு நான் ஓட்டுகிறேன். 2021இல் ஒரு கராஜில் கியர் ஒயில் மாற்றக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். துணைக்குச் சித்தப்பாவின் மகன் வந்திருந்தான், பத்தொன்பது வயது, லைசன்ஸ்கூட எடுக்கவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பாஸ் (கராஜ் மெக்கானிக்) அவனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். வண்டிச் சாவி என் கையில் இருந்தது, காசு கொடுக்கப் போவதும் நான். "மிஸ் அந்தக் கதிரையில் இருங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். இருந்தேன். அந்தக் கதிரையில் இருந்ததற்கு இன்றைக்கும் மனம் வருந்துகிறேன். எழுந்து போய்ப் பார்த்திருந்தால் மூலையில் நின்ற பீப்பாயை அன்றைக்கே கண்டிருப்பேன்.

ஒரு கிழமை கழித்து, காலி வீதியில் பம்பலப்பிட்டி தாண்டி கொஞ்சம் இடம் கிடைத்து வேகம் ஐம்பது, அறுபதுக்குப் போனபோது வண்டி நடுங்கியது. கல் பதித்த பாதையில் உருளுவது போல ஒரு தொடர் அதிர்வு. கால் எடுத்தால் நின்றுவிடும், மெல்ல அழுத்தினால் திரும்ப வரும். வெள்ளவத்தை வந்து, எஞ்சினை நிறுத்தாமலே கியர் ஒயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஹொட் என்று போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில். அதில் சின்னச் சின்னக் குமிழி.

திரும்பப் போனேன். "பழைய வண்டி மிஸ், இப்படித்தான் இருக்கும்" என்றார் பாஸ். என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அங்கே வேலை செய்யும் பையன் பீப்பாயைக் காட்டி, "எல்லா ஓட்டோவுக்கும் இதுதான்" என்றான். பில்லில் ஏடிஎஃப் (ஓட்டோ கியர் ஒயிலின் பொதுப் பெயர்) என்ற மூன்று எழுத்து மட்டும்தான், எந்த வகை என்று ஒன்றும் இல்லை.

ஓட்டோ கியரில் ஒயில் உராய்வைக் குறைப்பதற்கு மட்டும் இல்லை. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் எஞ்சினின் இழுவையைக் கடத்துவது அந்த ஒயில். அழுத்தம் கொடுத்துக் கிளச் தட்டுகளைப் பிடிக்க வைப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். தட்டு எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு கம்பனியும் ஒயிலைத் தயாரிக்கிறது. கணக்கு மாறினால் நடுக்கம் வரும். அளவு கூடினால் சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது. அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், முடிவு ஒன்றுதான். எனக்கு வகையும் பிழை, அளவும் பிழை.

மறுநாள் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் ஒரு கேனை எடுத்து முன்னால் வைத்தார்கள். ஒரு வயதான முதலாளி மட்டும் எதையும் எடுக்கவில்லை. "மகள், வாகனத்துப் புத்தகத்துல என்ன எழுதியிருக்கெண்டு பாத்துட்டு வாங்க, அதுக்குப் பிறகு தாறன்" என்றார். புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. அப்பா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டுக்குள் வைத்திருந்தார். பின்பக்கத்து அட்டவணையில், அந்த எழுத்துகளுக்கு நடுவே, எஸ்பி-த்ரீ என்ற ஒயில் வகை மட்டும் ஆங்கிலத்தில் நின்றது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நாலு லீட்டர் கேன் நாலு தந்தார். கூடவே வடிக்கும் போல்டுக்குப் புது வாஷரும் தந்தார், அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

நாங்கள் இருக்கும் ஃபிளட்டின் பேஸ்மென்டில் இந்த வேலைக்கு விடமாட்டார்கள், அங்கே தரையும் சரிவு. அதனால் ஒரு போயா விடுமுறை நாளில் வத்தளையில் மாமா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனேன். தரை மட்டமாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஜீப் உயரமான வண்டி, ஜக் போடாமலே கீழே போகலாம். தயவுசெய்து ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள். ஹேண்ட்பிரேக் இழுத்து, நாலு சில்லுக்கும் கல் வைத்தேன். ஒயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். ஓடி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும்.

ஃபோர் வீல் வண்டியில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கியர் பொக்ஸுக்குப் பின்னால் ஒட்டியபடி, இழுவையை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் இருக்கிறது. அதற்கும் வடிக்கும் போல்ட் இருக்கிறது, அதன் ஒயிலே வேறு. போல்ட் திறக்கும் சாவியை முதலில் நான் அதில்தான் மாட்டினேன், மாமா நிறுத்தினார். அதைத் திறந்து வடித்துவிட்டு மேலே கியர் பொக்ஸுக்குள் ஊற்றியிருந்தால் ஒரு பெட்டி காய்ந்திருக்கும், மற்றது நிரம்பி வழிந்திருக்கும். கியர் பொக்ஸின் போல்ட் அடியில் இருக்கும் அகலமான தகரத் தட்டில் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பாருங்கள். ஏடிஎஃப் தண்ணீர் மாதிரி ஓடும், பழசானால் சிவப்பு மங்கி மண்ணிறமாகும். டிரான்ஸ்ஃபர் பொக்ஸில் இருப்பது தேன் மாதிரித் தடித்தது, கந்தக நாற்றம் அடிக்கும்.

வடிந்ததை ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி அளந்தேன். எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றுவதுதான் வழமை. என்னுடையதில் ஏற்கெனவே கூடுதலாக இருந்ததால் அந்தக் கணக்குச் சரிவராது. குறைத்து ஊற்றிவிட்டு ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். ஸ்டிக் இருக்கும் அதே குழாய்க்குள்தான் ஊற்ற வேண்டும். வாய் ஒடுக்கம், அதனால் புனலின் நுனியில் ஒரு மெல்லிய ஹோஸைச் செருகிக்கொள்ளுங்கள்.

போல்டைத் திறந்தால் முழு ஒயிலும் வராது என்பதைப் பலர் சொல்லுவதில்லை. என் வண்டி மொத்தம் ஒன்பது லீட்டருக்கு மேல் பிடிக்கும், வடிவது ஏறக்குறையப் பாதி. மிச்சம் டோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நிற்கும். கூலர் ஹோஸைக் கழற்றி எஞ்சினை ஒரு நிமிடத்துக்குள் ஓடவிட்டு வெளியே தள்ளும் முறை இருக்கிறது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒரு விநாடி பிந்தினால் பம்ப் காய்ந்து ஓடும், முதல் தடவைக்கு நான் அதைத் தொடவில்லை. வடித்தேன், ஊற்றினேன், ஒரு கிழமை ஓடினேன். இப்படி மூன்று தடவை. முதல் தடவைக்குப் பிறகு பழசு அரைப் பங்கு, இரண்டாவதுக்குப் பிறகு கால், மூன்றாவதுக்குப் பிறகு அரைக்கால். இரண்டாவது தடவையோடு நடுக்கம் மங்கியது, மூன்றாவதோடு நின்றது. ஒயில் வீண் என்று சொல்லுவார்கள். கியர் பொக்ஸ் இறக்கும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

அளவு பார்க்கும்போது ஒயில் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், 70 தொடக்கம் 80 பாகை. அரை மணி நேரம் ரோட்டில் ஓடிவிட்டு வாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் மெதுவாகக் கொண்டுபோய்க் கடைசியில் நியூட்ரலில் விட வேண்டும். மிட்சுபிஷிக்கு நியூட்ரல், டொயோட்டாவுக்குப் பார்க்கிங். ஸ்டிக்கை இழுத்து, வெள்ளை டிஷ்யூவால் துடைத்து, திரும்ப விட்டு எடுங்கள். அந்த டிஷ்யூவை எறிய வேண்டாம். புது ஒயில் மாதுளம் சாறு மாதிரிப் படரும். கறுத்த துகள் இருந்தால், கருகிய மணம் வந்தால், கிளச் தட்டுத் தேய்ந்திருக்கிறது. பால் கலந்தது போல ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டருக்குள் தண்ணீரும் ஒயிலும் கலக்கின்றன, அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள்.

இங்கே ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். இந்த வண்டியை விற்றுவிடு என்று எனக்கு அதிகம் சொன்னவர்கள் வெளிநாட்டில் இருக்கும் என் சொந்தக்காரர். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்தால் இதே வண்டிதான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்கும். பெட்டி எட்டு, ஆள் ஏழு, யாழ்ப்பாணம் வரைக்கும் ஏசி முழுக்க ஓட வேண்டும். 2022இல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டாவுக்கு அளந்து கொடுத்த எரிபொருளைச் சேர்த்து நான் இந்த வண்டியை வைத்திருந்தேன். இதற்கு ஒயில் மாற்ற எவ்வளவு செலவானது என்று ஒருவர் இதுவரை கேட்டதில்லை. டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அங்கே என்றால் இதை ஸ்கிராப்புக்குப் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டி அது. அந்தச் சொல் எனக்கு வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எஞ்சினியர் இல்லை, வங்கியில் வேலை. "யூடியூபைப் பார்த்துவிட்டு ஆலோசனை சொல்ல வந்துவிட்டார்" என்று கீழே எழுத இருப்பவர்கள், என் வண்டி மூன்றாவது தடவைக்குப் பிறகு ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போய் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். எல்லா பாஸ்மாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. என் எஞ்சின் வேலையை இன்றைக்கும் ஒரு பாஸ்தான் செய்கிறார், என் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார்.

உங்கள் நண்பர் சொல்லும் பயம் முழுப் பொய்யும் இல்லை. ஏற்கெனவே கியர் வழுக்குகிறது, லீவரை டிரைவுக்குப் (D) போட்டால் இழுக்கத் தாமதிக்கிறது என்றால் உள்ளே தட்டுத் தேய்ந்துவிட்டது. புது ஒயில் அதைத் திரும்பக் கொண்டுவராது, அடுத்த மாதம் பெட்டி போனால் பழி ஒயிலின் மேல் விழும். அப்படியான வண்டியை வீட்டில் தொடாதீர்கள். ஸ்டிக்கே இல்லாத மொடல் என்றாலும் முதல் தடவைக்கு வேண்டாம். டொயோட்டா பிறாடோ பலதில் ஸ்டிக் இல்லை, அதற்கென்று இருக்கும் போல்டால் குறிப்பிட்ட சூட்டில் வழியவிட்டு அளக்க வேண்டும். சீவீடீ (கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ) என்றால் அதன் ஒயிலே வேறு, ஏடிஎஃப் பக்கமே போகாதீர்கள்.

பழைய ஒயிலை வடிகானில் ஊற்றாதீர்கள். வெள்ளவத்தையில் கானில் போவது கடலுக்குத்தான் போகும். போத்தலில் மூடி, சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்த இரவு வண்டிக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்துவிடுங்கள். முதல் தடவை எனக்குக் காலையில் ஐந்து சத நாணய அளவில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. புது வாஷர் கையில் இருந்தும் அவசரத்தில் பழையதையே போட்டிருந்தேன். அடுத்த தடவை மாற்றினேன், மட்டை காய்ந்தபடி கிடந்தது. மொடலையும் வருடத்தையும் கீழே எழுதுங்கள், ஸ்டிக் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.