எழுதிய குக்கீ அடுத்த வரியில் காணோம்

அன்புள்ள அண்ணா,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு நூல் கடைக்கு பிஎச்பி மொழியில் விலைப்பட்டியல் தளம் செய்கிறேன். பார்ட்டி 30ஆம் நம்பர் (நூலின் பருமனைக் குறிப்பது) நூலைப் பார்த்துவிட்டுப் போனால், மறுபடி வரும்போது அதுவே முதலில் தெரிய வேண்டும். அதற்காகக் குக்கீ (தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) ஒன்றை செட்குக்கீ கட்டளையால் எழுதி அடுத்த வரியிலேயே படித்தால் காலி. ரெஃப்ரெஷ் செய்தால் வருகிறது. பிஎச்பியில் கோளாறுங்களா? ஒவ்வொரு பார்ட்டிக்கும் உண்டான தள்ளுபடியையும் குக்கீயிலேயே வைத்துவிடலாமுங்களா?

ஒரு வாசகர், அவிநாசி

அன்புள்ள தம்பி,

கோளாறெல்லாம் இல்லை. செட்குக்கீ உங்கள் சர்வரில் எதையும் எழுதி வைப்பதில்லை. பதிலோடு போகும் ஹெடரில் (பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்புகளில்), 'இதை வைத்துக்கொள்' என்று பிரவுசருக்கு ஒரு வரி சேர்க்கிறது, அவ்வளவுதான். நீங்கள் படிப்பதோ பிரவுசர் ஏற்கெனவே அனுப்பிவிட்டதை. புது மதிப்பு அடுத்த கோரிக்கையோடுதான் திரும்பி வரும். இந்தப் பக்கத்துக்கு வேண்டியதை ஒரு மாறியில் வைத்து, அதையே காட்டுங்கள்.

ஹெடர் முதலில் போவதால், செட்குக்கீக்கு முன்னால் ஓர் எழுத்துகூட வெளியே போகக் கூடாது. பிஎச்பி தொடங்கும் குறிக்கு மேலே ஒரு வெற்று வரி கிடந்தாலும் போச்சு. உங்கள் கணினியில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்து வைக்கும் வசதி) போட்டிருந்தால் இது தெரியவே தெரியாது. ஹோஸ்டிங்கில் ஏற்றிய பிறகுதான் 'ஹெடர் போய்விட்டது' என்று எச்சரிக்கை வரும்.

பாதையைக் குறிப்பிடாவிட்டால், எந்த ஃபோல்டரில் குக்கீ வைத்தீர்களோ அதற்குள்ளும் அதன் கீழும்தான் அது கிடைக்கும். தளம் முழுக்க வேண்டுமென்றால் சாய்கோடு (/) ஒன்றைப் பாதையாகக் கொடுங்கள். அழிக்கும்போதும் அதே பாதையைக் கொடுத்து, முடிந்துபோன தேதியைப் போட வேண்டும்.

தள்ளுபடி மட்டும் வேண்டவே வேண்டாம். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்ததே இணையக் கடைக் கணக்கை வாங்குபவர் கணினியில் வைக்கத்தான் என்பது உண்மை. ஆனால் அங்கே இருப்பதை அவர் திருத்தலாமே! எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து 5 சதவீதத்தை 50 ஆக்கப் பார்ட்டிக்கு ஒரு நிமிடம் போதும். நம் ஊர் ஆட்கள் விலையில் விடுவார்களா என்ன? தள்ளுபடி டேட்டாபேஸில் இருக்கட்டும். லாகின் செய்தவரை அடையாளம் காண பிஎச்பி செஷன் (விவரத்தை சர்வரிலேயே வைக்கும் வசதி) போதும். அதன் குக்கீயில் யூகிக்க முடியாத ஓர் எண் மட்டுமே இருக்கும். அதற்கு எச்டிடிபிஒன்லி (பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி), செக்யூர் (எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் போகும்படி) இரண்டையும் போட்டுவிடுங்கள்.

நூல் நம்பர் குக்கீயிலேயே இருக்கலாம். யாராவது அதை 300 என்று மாற்றினால்? பட்டியலில் இல்லாத நம்பர் வந்தால் 30ஐக் காட்டும்படி ஒரு வரி எழுதிவிட்டால் சரி.